ஏரியும் காடும் கடலும்: பின்லாந்து வாழ்வு குறித்துச் சில எண்ணங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு மலரில் அடியேன் எழுதிய கவிதை ஒன்று இடம்பெற்றிருந்தது. நினைவில் வைத்திருப்போர் சிலரேனும் இருக்கக்கூடும். மறந்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள். ஏரிக்கரையில் ஒரு குடில், பின்னால் காடு, கூப்பிடு தொலைவில் கடல், இவை மூன்றும் வாய்த்துவிட்டால் மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்பது அக்கவிதையின் சாரம். எழுதியபோது மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். கைதட்டலும் கிடைத்தது. அதன்பின், அந்த மூன்றும் ஏராளமாக அமைந்த ஒரு நாட்டில் இருமுறை தங்கிவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் மகளும் மருமகனும் பின்லாந்தின் லஹ்தி நகரில் பணிபுரிகிறார்கள். மகளின் பேறுகாலத்தை ஒட்டி முதல்முறை நவம்பர் தொடக்கத்தில் சென்று ஜனவரி இறுதிவரை இருந்தோம். அடுத்த கோடையில் மீண்டும் மூன்று மாதம். அந்தக் கவிதையைப் பற்றி இன்று உங்கள்முன் ஒரு வாக்குமூலம் தரவேண்டியவனாக நிற்கிறேன். எனவே தலைப்பைப் பார்த்துப் பயணக் கட்டுரை என எண்ணி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நாட்டைச் சற்று அறிமுகம் செய்துவிடுகிறேன். பின்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 3,38,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ 56 லட்சம் அளவே. நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. ஆயிரம் ஏரிகளின் நாடு என்பது அவர்களே இட்டுக்கொண்ட பெயர். அதில் தன்னடக்கம் மிகுதி. அரை சென்ட் அளவுள்ள குட்டையை விட்டுவிட்டு, ஐந்நூறு சதுர மீட்டருக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ணினாலே 1,87,888 நீர்நிலைகள் தேறுகின்றன. ஊர்ப்பெயர்கள் பல 'யார்வி' என்று முடியும். ஏரி என்பது அதன் பொருள். தெற்கிலும் மேற்கிலும் பால்டிக் கடல். தென்மேற்கில் கடலையே மறைத்துக்கொண்டு நிற்கும் பல்லாயிரம் தீவுகள்.

இந்தக் கடலைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. இது உப்பு வற்றிய கடல். பெருங்கடல் நீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு என்றால், இந்தத் தீவுப்பகுதியில் ஆறு அல்லது ஏழு பங்குதான். ஆகவே ஏரி மீனும் கடல் மீனும் ஒரே வலையில் விழுகின்றன. நெய்தல் நிலத்து மீனவன் வலையில் மருதத்து மீன்! நம் இலக்கணிகள் இதைத் திணைமயக்கம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டிருப்பார்களா, வழு என்று ஒதுக்கியிருப்பார்களா என்று எண்ணிப் பார்த்தேன்.

அதைவிட வியப்பானது இன்னொன்று. பனியூழிக் காலத்தில் மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கனத்த பனிப்பாளம் அந்த நிலத்தின்மேல் கிடந்து அதை அழுத்தி வைத்திருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பாரம் இறக்கிவைத்த சுமைகூலியின் முதுகு மெல்ல நிமிர்வதுபோல, அந்த நிலம் இன்றும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. மேற்குக் கரையில் வாசா நகரை ஒட்டிய பகுதியில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் உயர்கிறது. கடல் பின்வாங்குகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டர் புதிய நிலம் அந்நாட்டுக்குக் கிடைக்கிறது. போரின்றி, விலையின்றி! உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அப்பகுதி 2006இல் சேர்க்கப்பட்டது.

இது நிகழும் முறையைக் கவிஞர்களாகிய நீங்கள் கேட்கவேண்டும். முதலில் கடலுக்குள் ஒரு பாறை தலைகாட்டும். பிறகு அது தீவாகும். கரையோரத்து விரிகுடாவின் வாய் மேடுதட்டிக் குறுகும். ஒருநாள் வாய் அடைபட்டுவிடும். அப்போது அது கடல் அன்று, ஏரி. உப்பு விலகி நன்னீராகும். நாணல் வளரும், சேறு மூடும், சதுப்பாகும், பின் மரம் முளைக்கும். பாட்டனார் படகு கட்டிய துறையில் பேரன் விறகு வெட்டுகிறான். கடலும் ஏரியும் காடும் அங்கே மூன்று இடங்கள் அல்ல, ஒரே இடத்தின் மூன்று பருவங்கள். நான் அந்தக் கவிதையில் மூன்றையும் அருகருகே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். நிலத்தைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

இனி வாழ்வுக்கு வருகிறேன்.

நாங்கள் போய் இறங்கிய நவம்பரில் ஏரியைப் பார்க்கவே முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வெளிச்சம் என்று ஏதோ ஒன்று வரும்; பிற்பகல் மூன்றுக்கெல்லாம் அணைந்துவிடும். டிசம்பர் பிற்பகுதியில் அந்நகரின் பகல் ஆறு மணி நேரத்திற்கும் குறைவு. வடகோடியிலோ ஐம்பது நாள்போலச் சூரியன் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. பனி பெய்துவிட்டால் தரை வெளுத்துச் சற்றே வெளிச்சம் தெரியும். நவம்பரில் பெய்வது மழையுமல்லாத பனியுமல்லாத ஒரு சேற்றுத்துளி. இங்கே சொல்லைப் பற்றிய ஒரு சிறு விலகல். நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது! புல்நுனித் துளியும் பனி, மூடுபடலமும் பனி, இமயத்தில் உறைந்ததும் பனி. அவர்களுக்கோ துளி 'காஸ்தே', உறைந்து பெய்வது 'லூமி', அந்தச் சேற்றுத்துளி 'ரான்டா', கிளைகளில் படியும் வெண்பொடி 'ஹூர்ரே', நீர் கல்லானால் 'யா'. முன்பனி பின்பனி எனக் குளிரை இரண்டாகப் பகுத்த நாம், அதன்கீழ் ஒரு நாள்கூட உறைந்து கிடந்ததில்லை என்பது அங்கேதான் உறைத்தது.

மூன்றாம் வாரத்தில் எனக்கே மனம் சோர்ந்தது. காரணமின்றிப் பேச்சுக் குறைந்தது. சன்னலுக்கு வெளியே காடு. காட்டுக்கு அப்பால் ஏரி. என் கவிதை வேண்டிய அனைத்தும் இருந்தன. எழுத்தில் ஒரு வரி வரவில்லை; உறக்கமும் வரவில்லை. தன்னிரக்கத்திற்காக இதைச் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 1,500க்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அப்போதிருந்த ஐம்பது லட்சம் மக்களில் அது எவ்வளவு பெரிய தொகை! அதற்கு முன்பே, 1986இல், தேசிய அளவில் ஒரு தடுப்புத் திட்டத்தை அவர்கள் தொடங்கியிருந்தார்கள். அவ்வாறு இறந்தோர் ஒவ்வொருவரைப் பற்றியும் உறவினரிடமும் மருத்துவரிடமும் ஓராண்டுக் காலம் விசாரித்துத் தொகுத்தார்கள். வெட்கப்பட்டு மறைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது. ஏரிகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. குறைத்தவை ஏரிகள் அல்ல.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆனபின், தாய்சேய் நல நிலையத்திற்கு நானும் துணையாகச் சென்றேன். குழந்தையை நிறுத்துப் பார்த்தார்கள், அளந்தார்கள். அதன்பின் அங்கிருந்த செவிலியம்மையார் என் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் வந்ததா, அழுகை வந்ததா என வினாக்கள். மகள் எழுதிக்கொண்டே போனாள். ஒரு வினாவில் பேனா நின்றது. செவிலியம்மையார் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் குழந்தையின்றித் தனியே வந்து போகும்படி மட்டும் சொன்னார். அவள் எந்த வினாவில் நின்றாள் என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. பெற்ற தகப்பன் நான் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றாத ஒன்றை, ஓர் அரசு அலுவலர் தம் கடமையின் பகுதியாகக் கேட்டார். அவ்வளவுதான் அதைப் பற்றி நான் சொல்ல இயலும்.

அந்த நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அரசு ஒரு அட்டைப்பெட்டி தருகிறது. உடுப்பு, போர்வை, சிறு மெத்தை எல்லாம் அதில் இருக்கும். பெட்டியையே தொட்டிலாகவும் பயன்படுத்தலாம். 1938இல் ஏழைத் தாய்மாருக்கு மட்டும் தொடங்கி, 1949இல் எல்லோருக்கும் என்று ஆனது. ஒரு நிபந்தனை உண்டு: கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ தாய்சேய் நிலையத்தையோ நாடியிருக்க வேண்டும். பெட்டிக்கு ஆசைப்பட்டாவது தாய்மார் மருத்துவம் பெறட்டும் என்ற கணக்கு! இன்று அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் முதலாண்டுக்குள் இழப்பது இரண்டு அளவில்.

அதே ஏரிகளின் கரையில், அதே காடுகளின் நடுவில், 1868ஆம் ஆண்டில் நடந்தது என்ன? அதற்கு முந்தைய 1867இல் வசந்தம் வரவே இல்லை. ஜூன் மாதத்திலும் ஏரிகளில் பனிக்கட்டி கிடந்தது. தாமதமாக விதைத்தார்கள், செப்டம்பர் தொடக்கத்தில் உறைபனி விழுந்து கதிர் கருகியது. பட்டினி கிடந்த மக்கள் பைன் மரத்தின் உட்பட்டையை உரித்து, காயவைத்து, இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். கூட்டங்கூட்டமாக வழிநடந்தார்கள். நடந்த இடமெல்லாம் காய்ச்சல் பரவியது. ஓர் ஆண்டில் நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர் மாண்டனர். அமைதிக் காலத்தில் ஐரோப்பா கண்ட கடைசிப் பெரும் பஞ்சங்களுள் அது ஒன்று. எந்த ஏரிக்கரைக் குடிலை நான் பாடினேனோ, அப்படிப்பட்ட குடில்களில்தான் அவர்கள் இறந்தார்கள். அங்கே நாட்டுப்புற அருங்காட்சியகங்களில் பழைய குடிசைகளைப் பேணி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில், கரி படிந்த உத்தரத்தின்கீழ் நின்றபோது, என் கவிதையின் தலைப்பு நினைவுக்கு வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலமில்லாக் குத்தகை விவசாயியே அங்கு மிகுதி. 1918இல் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட உள்நாட்டுப் போர் நடந்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள்ளேயே குத்தகைக்காரர் தாம் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. 1921இல் கட்டாயக் கல்வி. 1928இல் நூலகச் சட்டம். 1948இலிருந்து பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு. இரண்டாம் உலகப்போரில் கரேலியா கைவிட்டுப் போனபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வந்தார்கள். அத்தனை பேருக்கும் நிலமும் கூரையும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தம் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க உள்ளூர் உழவர் பலர் மனமின்றித்தான் இசைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இடம்பெயர்தல் இன்னதென்று அறிந்த தமிழர் இந்த அவையில் இருக்கிறீர்கள். நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

கரேலியா என்றதும் 'கலேவலா' நினைவுக்கு வராமல் போகாது. எலியாஸ் லொன்ரோத் என்ற மாவட்ட மருத்துவர், கயானி என்ற சிற்றூரில் பணியாற்றியபடியே, நடந்தும் படகிலும் பனிச்சறுக்குக் கட்டையிலும் எல்லையோரக் கிராமங்களுக்குப் போய், பாடகர் வாயிலிருந்து பாட்டுகளைத் தொகுத்து 1835இல் வெளியிட்டார். விரிந்த பதிப்பு 1849இல் வந்தது. ஐம்பது பாடல்கள், 22,795 அடிகள். பகலில் கொள்ளைநோய்க்கு மருந்து, இரவில் பாட்டுக்கு ஏடு என்று வாழ்ந்த மனிதர். அந்தக் காவியம் தமிழில் கிடைக்கிறது என்பதை இங்குள்ள இளங்கவிஞர் எத்தனை பேர் அறிவீர்கள்? ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், பின்லாந்தில் வாழ்ந்தபோது அதை மொழிபெயர்த்தார். 1994இல் அஸ்கோ பார்ப்போலாவின் முன்னுரையோடு வெளிவந்தது. சிந்துவெளி எழுத்தாய்வுக்காக 2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது பெற்றாரே, அதே பேராசிரியர்தான். நம் வட்டத்தின் நூலகத்தில் அந்நூல் இல்லை என்பதைப் பொருளாளர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவியத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி. முதிய பாடகனான வைனாமொயினன் பயிரிடுவதற்காகக் காட்டைத் திருத்துகிறான். எல்லா மரத்தையும் வெட்டியவன், ஒரு பூர்ச்ச மரத்தை மட்டும் விட்டுவைக்கிறான். பறவைகள் வந்து அமர ஓர் இடம் வேண்டுமே என்று. பறந்துவந்த கழுகு காரணம் கேட்கிறது. கேட்டு மகிழ்ந்து, வெட்டிய காட்டை எரிக்க நெருப்பைத் தருகிறது. நான் இதை முதலில் கருணைக் கதையாகப் படித்தேன். அங்கு போய்வந்தபின் வேறுமாதிரிப் படிக்கிறேன். காட்டை வெட்டித்தான் அவனும் உண்டான். எதை விட்டுவைப்பது என்பதே கேள்வியாக இருந்திருக்கிறது.

அக்கேள்வி இன்றும் தீரவில்லை. பசுமையாகத் தோன்றும் அந்தக் காட்டில் பெரும்பகுதி, வரிசையாக வளர்த்து ஒட்டுமொத்தமாக வெட்டி ஆலைக்கு அனுப்பப்படும் மரப்பயிர். தெற்கில் மனிதக் கைபடாத முதுகாடு என்று தேடினால் மிகச் சொற்பம். மரம் வளர்ப்பதற்காகச் சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். ஒரு கோடி ஹெக்டேர் அளவிலான சதுப்பில் பாதிக்கு மேல் அவ்வாறு வடிக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து வழியும் பழுப்பு நீர் ஏரிகளைக் கறுக்கச் செய்கிறது. கடலிலோ வயலுரம் சேர்ந்து, வெப்பமான கோடைகளில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள் என்று அறிவிப்பு வைக்கிறார்கள். ஆறு லட்சம் போலக் குடும்பங்கள் அங்கே காட்டுக்கு உடைமையாளர்கள். அவர்களுக்கும் காட்டை நேசிக்கத் தெரியும். கடனை அடைக்கவும் வேண்டியிருக்கிறது.

கோடையில் சென்றபோது கண்டதைச் சொல்கிறேன். காடு யாருடையதாயினும் அதனுள் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. பிறர் காட்டில் பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம், ஏரியில் தூண்டில் போடலாம். வீட்டு முற்றத்தை நெருங்கக்கூடாது, விளைநிலத்தை மிதிக்கக்கூடாது, உடைமையாளர் இசைவின்றித் தீ மூட்டக்கூடாது, மரக்கிளையை முறிக்கக்கூடாது. இதற்கென வேலியோ சீட்டோ காவலோ இல்லை. குடிமக்களுக்கு மட்டுமன்று, வந்து சேர்ந்த எனக்கும் அந்த உரிமை இருந்தது. முன்பின் அறியாதவர் காட்டில் ஒரு வாளி நிறைய அவுரிநெல்லிப் பழம் பறித்து, நீலமான விரல்களோடு நான் வெளியே வந்தபோது, எதிரே வந்த முதியவர் ஒருவர் வாளியை எட்டிப்பார்த்தார். அவர்தாம் காட்டுக்குரியவர் என்று மருமகன் பிறகு சொன்னார். அவர் சொன்னது ஒன்றே: மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் பழுத்திருக்கிறது. நம் ஊரில் பிறர் தோப்பில் கால்வைத்த அனுபவம் எனக்கு உண்டு, நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அவையோரே, இந்த உரிமையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் மீண்டும் பழைய கவிதையையே எழுதியவனாவேன். அங்காடியில் விற்கும் காட்டுப் பழத்தைப் பெரும்பாலும் பின்னியர் பறிப்பதில்லை. 2005ஆம் ஆண்டளவிலிருந்து ஆயிரக்கணக்கான தாய்லாந்து உழவர்களை ஒவ்வொரு கோடையிலும் கொண்டுவந்தார்கள். விமானச் சீட்டுக்கும் வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் கடன்பட்டு வந்தவர்கள், நாளெல்லாம் குனிந்து பறித்தும் கடன் தீராமல் திரும்பிய கதைகள் வெளிவந்தன. அவர்கள் ஊழியர் அல்லர், 'யாரும் பழம் பறிக்கலாம்' என்ற உரிமையின்கீழ் வந்தவர்கள் என்றே நெடுங்காலம் வாதிட்டார்கள்! இவ்வாறு தொழிலாளரை வதைத்த ஒரு தொழில்முனைவோரை மனிதக் கடத்தல் குற்றத்திற்காக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தண்டித்தது. எல்லோருக்குமான உரிமை என்ற அழகிய சொல்லே சிலருக்குக் கூலி மறுக்கும் கருவியானது. அந்த வாளிப் பழம் அதன்பின் எனக்கு முன்போல் இனிக்கவில்லை. ஆயினும் தின்றேன்.

இனி ஏரிக்கு வருகிறேன். நான் அதிகம் அறிந்தது அதைத்தான், நாள்தோறும் அதன் கரையில் நடந்ததால். லஹ்தியின் ஏரிக்கு வெசியார்வி என்று பெயர். 'நீர் ஏரி' என்று பொருள். பெயர் வைத்தவர் கவிஞர் அல்லர் என நினைக்கிறேன். பரப்பு நூற்றுப்பத்து சதுர கிலோமீட்டர் அளவு. போருக்குப்பின் கரேலியாவின் வீபுரி நகரத்து மக்கள் பெருந்தொகையாக வந்து லஹ்தியில் குடியேறினர். நகரம் பெருத்தது, நகரத்தின் கழிவுநீர் முழுவதும் ஏரிக்குள் போனது. அறுபதுகளில் அது நாட்டின் மிகக் கெட்ட ஏரிகளுள் ஒன்று. 1976இல் கழிவுநீரை வேறுவழி திருப்பினார்கள். தெளிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். சில ஆண்டுகள் தேறுவதுபோல் இருந்தது. பிறகு மீண்டும் பாசி.

ஏன்? விடை சேற்றில் இருந்தது, மீனிலும் இருந்தது. பல ஆண்டுகளாகக் குடித்த ஊட்டச்சத்தை ஏரியின் அடிச்சேறு திரும்பத் திரும்பக் கக்கிக்கொண்டிருந்தது. கலங்கிய நீரில் பெருகிய கெண்டையினத்துச் சிறுமீன்கள், பாசியை மேயும் நுண்ணுயிர்களைத் தின்று தீர்த்தன. தீனிக்காக அடிச்சேற்றையும் கிளறின. மேய்ப்பன் இல்லாத பாசி மண்டியது. எனவே 1989 முதல் 1993 வரை ஐந்தாண்டுகள் இழுவலை போட்டு, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சிறுமீனை வாரி வெளியேற்றினார்கள். அவற்றைத் தின்னும் பெருமீனை விட்டு வளர்த்தார்கள். வல்லுநர் மட்டும் செய்த வேலையன்று. ஊர்மக்களும் வலையோடு இறங்கினார்கள். நீர் தெளிந்தது. முழுக்கக் குணமாயிற்று என்று சொல்வதற்கில்லை; இன்றும் மருத்துவம் பார்க்கவேண்டிய நோயாளிதான் அந்த ஏரி. 2021ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் பசுமைத் தலைநகராக அந்நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கெடுத்துப் பின் திருத்திய ஊருக்குக் கிடைத்த பட்டம் அது என்பதை விழாப் பேச்சாளர்கள் சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

முதல்முறை சென்றபோதே ஜனவரியில் அந்த ஏரிமேல் நடந்தேன். நீரின்மேல் நடப்பது நம் பக்கத்தில் சித்தர்களுக்கே வாய்க்கும். அங்கே பள்ளிப்பிள்ளைகளும் நடக்கிறார்கள். துளையிட்டுத் தூண்டில் போட்டு, பெட்டிமேல் அமர்ந்து, நாளெல்லாம் ஒரு சொல்லும் பேசாத மனிதர்கள். ஒருவர், உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட 'ஆஹ்வென்' மீன் நான்கை எனக்கு நீட்டினார். நாங்கள் கொண்டுபோன புளியைக் கரைத்து என் மனைவி குழம்பு வைத்தார். அந்த நவம்பருக்குப்பின் முதன்முதலாக அன்றுதான் என் மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

2018 முதல் 2025 வரை ஆண்டுதோறும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடம் பின்லாந்துக்கு. பத்துப் படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்வு எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்டு, விடைகளின் சராசரி எடுக்கிறார்கள். சிரிப்பை அளக்கும் கருவி அல்ல அது. அந்நாட்டாரிடமே இதைச் சொன்னால் தோளைக் குலுக்கிக்கொள்கிறார்கள். எட்டாம் படியில் இருப்பதாக அவர்கள் சொல்வது, விழுந்தால் பிடிக்க ஆள் உண்டு என்ற நினைவினால் இருக்கலாம் என்பது என் ஊகம். வேலை தேடி அலையும் அயல்நாட்டு இளைஞர் எந்தப் படியைச் சொல்வார்கள் என்பது வேறு. மகளோடு படித்த ஒருவர் இரண்டு பட்டங்களுடன் செய்தித்தாள் போடுகிறார்.

இறுதியாக ஒரு காட்சி. தென்கிழக்கில் சைமா என்ற பேரேரி. பனியூழிக்குப் பின் நிலம் நிமிர்ந்தபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்ட நீர்நாய்ச்சாதி அன்று, கடற்சீல் இனம் ஒன்று, அவ்வேரிக்குள் அகப்பட்டு நன்னீர் உயிராகிவிட்டது. உலகில் வேறெங்கும் இல்லை. 1980களில் இருநூறு கூடத் தேறாத அளவுக்கு அருகிப்போனது. இன்று நானூறுக்கு மேல் உள்ளன. மீன்வலைகளில் குட்டிகள் சிக்கி இறந்ததால் வசந்த காலத்தில் வலைக்குத் தடை போட்டார்கள். அந்தச் சீல் கரையோரப் பனிக்குவியலைக் குடைந்து அதனுள்தான் குட்டி ஈனும். இப்போதோ வெப்பம் மிகுந்து சில ஆண்டுகளில் போதிய பனியே விழுவதில்லை. அவ்வாறான குளிர்காலங்களில் தன்னார்வலர்கள் உறைந்த ஏரியின்மேல் சென்று, கிடைத்த பனியை மண்வெட்டியால் வாரிக் கூட்டி, கரையோரம் குவித்து வைக்கிறார்கள், பேறுகாலச் சீலுக்காக. நான் நேரில் காணவில்லை, படத்தில் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் அப்போது என் கவிதையை நினைவூட்டினாள். இந்த ஊருக்கு வேலை வந்தபோது தயங்கியவளை, ஏரி இருக்கிறது, காடு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று அந்தக் கவிதையைச் சொல்லித்தான் நான் அனுப்பிவைத்தேனாம். எனக்கு நினைவில்லை, அவளுக்கு இருக்கிறது. இங்கேயே தங்கிவிடுவதா, திரும்பிவிடுவதா என்று இருவரும் யோசிப்பதாகச் சொல்லி, என் கருத்தைக் கேட்டாள். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி என்னவென்று நான் பார்க்கத் தொடங்கினேன். அவள் மீண்டும் கேட்கவில்லை.

பத்தாம் ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டுச் செயலாளர் அவர்கள் இருமுறை கடிதம் எழுதிவிட்டார். பழைய கவிதையைத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு அடிகளை அடித்துவிட்டேன். மூன்றாம் அடியில் அந்தக் குடில் வருகிறது. அதற்குள் யாரை இருத்துவது என்று இன்னும் தெரியவில்லை. ஆகவே கவிதைக்குப் பதிலாக இந்த உரையையே மலருக்குத் தந்துவிடுகிறேன்.